நீல ஸ்டூல்ல இருந்த நாப்பது

“மேடம், இல்லாததைத் தேடச் சொன்னா ஒழுங்கா ஓடுது. இருக்கிறதைத் தேடச் சொன்னாத்தான் கிறுக்குப் பிடிக்குது. உங்க மெஷின்ல ஏதோ தப்பு இருக்கு.”

அமலோற்பவம் மேடம் தலையைத் தூக்கல. பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தாங்க.

“மெஷின்லயா?”

“பின்ன? ஒண்ணு மெஷின்ல. இல்லைன்னா நிஷா எழுதினதுல.”

“நீ எழுதினதுல?”

“நான் எழுதினது சரி மேடம்.”

“சரி”ன்னாங்க.

அவ்வளவுதான். அடுத்த பேப்பரை எடுத்துட்டாங்க.

இதுக்குப் பேரு பதிலா? நீங்களே சொல்லுங்க.

எப்பவுமே அவங்க அப்படித்தான். வயசு ஒண்ணும் ஆகலை, எங்க பெரியக்கா வயசு இருக்கும். ஸ்கூட்டர்ல வருவாங்க, பச்சை ஹெல்மெட்டை மேஜை மேல வைப்பாங்க, உக்காருவாங்க. மத்த வாத்தியார் எல்லாம் ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசுவாங்க. இவங்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை. நாங்க வச்ச பேரு ஊமைக்கோட்டான்.

எனக்கு வீட்டுல வச்ச பேரு பேச்சிமுத்து. ரெண்டு பேருக்கும் பொருத்தம் எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க.

*

அந்த செமஸ்டர்ல எங்களுக்கு ஒரே வேலை. ஆளுக்கு ஒரு கம்பைலர் எழுதணும். ஆளுக்குன்னா, ரெண்டு ரெண்டு பேரா. நாம எழுதுற புரோகிராமை வாங்கி, மெஷினுக்குப் புரியிற வரிகளா மாத்திக் குடுக்கணும், அதுதான் கம்பைலர். மெஷினும் மேடமே செஞ்ச பொம்மை மெஷின்தான்.

எனக்கு ஜோடி ரஹ்மத் நிஷா. மேலப்பாளையம். வாயைத் திறந்தா எனக்குச் சமம்.

வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். வழி அவளோடது. கை என்னோடது.

வழின்னா, ஒரு புரோகிராம் எந்த வரியில இருந்து எந்த வரிக்குத் தாவும், எங்க ரெண்டாப் பிரியும், எங்க திரும்ப ஒண்ணா சேரும்னு படம் போட்டுப் பாக்கிறது.

கைன்னா ரெஜிஸ்டர். மெஷின் கணக்குப் போடுறப்ப நம்பரைக் கையில வச்சுக்கிடும். கையில கொஞ்சம்தான் கொள்ளும். அந்தப் பொம்மை மெஷினுக்கு நாலே நாலு கை. மிச்சத்தை மெமரிங்கிற பரண்ல போட்டுட்டு, வேணும்ங்கிறப்ப இறக்கணும். எதைக் கையில வைக்கலாம், எதைப் பரண்ல ஏத்தலாம்னு முடிவு பண்ற பகுதி நான் எழுதினது.

அவ வழியைத் தனியா மேடம்கிட்ட ஓட்டிக் காட்டினா. சரின்னாங்க. என் கையைத் தனியா ஓட்டிக் காட்டினேன். சரின்னாங்க.

சேர்த்து ஓட்டினோம். தப்புத் தப்பா வந்துச்சு.

அன்னையில இருந்து எங்களுக்குள்ள பேச்சு கிடையாது.

ஏன்னா நான் கிளாஸ் முன்னாடி சொன்னேன், “வழி தெரியாதவளுக்கு எதுக்கு மேப்பு?”

அவ சொன்னா, “கை சுத்தமில்லாதவனுக்கு எதுக்கு அஞ்சு விரலு?”

அப்புறம் எல்லாம் சுடலை மூலமாத்தான். சுடலைமுத்து எங்களுக்கு நடுவுல உக்காந்து இருப்பான், பாவம்.

“சுடலை, அவகிட்ட சொல்லு, பதினேழாவது வரியில தாவல் தப்பா இருக்கு.”

“சுடலை, அவன்கிட்ட சொல்லு, தாவல் சரி. தாவின இடத்துல நம்பரைக் காணோம்.”

“ஏல, ரெண்டு பேரும் ஒரு முழ தூரத்துல இருந்துக்கிட்டு நடுவுல என்னைய என்னல தந்திக் கம்பமா நட்டு வச்சிருக்கீய?”

இப்ப இங்க ஆபீஸ்ல எனக்கு உருளுற நாற்காலி. தப்பு எழுதினா திட்டக்கூட ஒருத்தனும் வர மாட்டேங்குறான். ‘நல்லா இருக்கு, சின்ன யோசனை ஒண்ணு’ன்னு மெசேஜ் அனுப்புறானுங்க. பக்கத்து நாற்காலியில இருந்துக்கிட்டு! நிஷா மாதிரி ஒருத்தி எந்திரிச்சு நின்னு ‘கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு’ன்னு கேக்க மாட்டாளான்னு இருக்கு.

சரி, அதை விடுங்க.

*

வெள்ளிக்கிழமை ரிவ்யூ. வெளியூர்ல இருந்து ஒருத்தர் வந்து, அவரு இஷ்டத்துக்கு ஒரு புரோகிராம் குடுப்பாரு. எங்க கம்பைலர்ல அது ஓடணும். ஓடலைன்னா அரியர்.

ஓடாதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நேரா மேடம்கிட்ட போனேன். நிஷா பின்னாடியே வந்தா. எனக்குப் பயந்துக்கிட்டு இல்ல, நான் என்ன கோள் சொல்லுதேன்னு கேக்க.

“மேடம், எங்க டீமைப் பிரிச்சு விட்டுருங்க.”

“பிரிச்சு?”

“சுடலையோட ஜோடி காலேஜையே விட்டுட்டுப் போயிட்டான். சுடலைகிட்ட வழி இருக்கு. அதோட என் கையைச் சேர்த்து நான் ஓட்டிக்கிடுதேன்.”

“நிஷா?”

“அவ பாடு.”

மேடம் நிஷாவைப் பாத்தாங்க.

அவளுக்கு அப்பத்தான் சென்னையில வேலை கிடைச்சிருந்தது. அரியர் ஒண்ணு இருந்தாலும் வேலை கிடையாதுன்னு கம்பெனிக்காரன் சொல்லித்தான் சேர்த்திருந்தான். அது கிளாஸுக்கே தெரியும். பாதிக் கம்பைலரை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?

அழுவான்னு நினைச்சேன். அவளா?

“பிரிச்சு விட்டுருங்க மேடம்”னா. “வேலை போனாப் போகுது. இவன்கூட நின்னு பாஸாகுறதுக்கு நான் வீட்டுல பாத்திரம் கழுவிருவேன்.”

“கேட்டீங்களா மேடம்? அவளே சொல்லிட்டா.”

மேடம் பேனாவை மூடினாங்க.

“பிரிச்சு விடுறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்டூல்ல ஓட்டிருங்க.”

*

ஸ்டூல்ல ஓட்டுறதுங்கிறது எங்க லேப்ல மட்டும் இருந்த பழக்கம். வேற எந்த ஊருலயும் நான் பாத்ததில்லை. சொன்னா சிரிக்கிறானுங்க.

நாலு மர ஸ்டூல். மெஷினோட நாலு கை. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஸ்லேட்டு, அதுல எழுதியிருக்கிற நம்பர்தான் அந்தக் கையில இருக்கிற நம்பர். கடைசி பெஞ்சு, பரண்.

புரோகிராமோட ஒவ்வொரு பகுதியும் ஒரு ஆள். நிஷா ஒரு பகுதி, நான் ஒரு பகுதி. அவ கூப்பிட்டா நான் போய் வேலை செஞ்சுட்டு அவகிட்ட திரும்பி வரணும். நான் போயிருக்கிற நேரம் அவ கண்ணை மூடிக்கிட்டு இருக்கணும். நான் திரும்பி வந்ததும்தான் திறக்கணும். கம்பைலர் எழுதிக் குடுத்த வரிகளை ஒருத்தன் சத்தமா வாசிப்பான். வாசிச்சதை மட்டும் செய்யணும். சொந்த புத்தி கூடாது.

ரெண்டு ஸ்டூலுக்குச் சிவப்பு பெயிண்ட். அதுல யாரு வேணாலும் எதையும் அழிக்கலாம், எழுதலாம். கேக்க ஆளு கிடையாது.

ரெண்டு ஸ்டூலுக்கு நீலம். அது இரவல். நீலத்தை எடுத்தா, அதுல இருந்த ஸ்லேட்டைப் பரண்ல பத்திரமா வச்சுட்டுத்தான் நம்ம ஸ்லேட்டை வைக்கணும். வேலை முடிஞ்சு போறப்ப பழசை எடுத்து இருந்த இடத்துல வச்சுட்டுப் போகணும்.

அந்த ஸ்டூல் ஒண்ணுக்குக் கால் ஆடும். உக்காந்தா டக் டக்குன்னு சத்தம் வரும். மத்தியானம் வெயில்ல, கரண்ட் போயி, மெஷின் எல்லாம் செத்துக் கிடக்குறப்பக்கூட நாங்க ஸ்டூல்ல புரோகிராம் ஓட்டியிருக்கோம். வேர்த்து ஒழுகும். ஒருத்தன் தப்பு பண்ணா கிளாஸே ‘ஏய்’ங்கும். அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள இருக்கு.

ஆனா அன்னைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு.

“ரிவ்யூவை வச்சுக்கிட்டு நொண்டி விளையாடச் சொல்லுறீங்களா மேடம்?”

“ஆமா.”

*

சுடலை வரிகளைக் கையில எடுத்தான். நிஷா ஸ்டூல்களுக்கு முன்னாடி நின்னா. நீல ஸ்டூல் ஒண்ணுல அவளோட ஸ்லேட்டு இருந்துச்சு. அதுல நாப்பது. இதுவரைக்கும் சேர்த்து வச்ச கணக்கு அது.

புரோகிராம் ரொம்பச் சின்னது. நிஷா ஒரு பொருளைத் தேடச் சொல்லி என்னைக் கூப்பிடுவா. நான் போய்த் தேடணும். கிடைச்சா ‘இருக்கு’, இல்லைன்னா ‘இல்லை’. இருந்தா அவ கணக்குல ஒண்ணு கூட்டிக்கிடணும்.

எங்க தேடுறது? செருப்பு வரிசையில.

லேப்புக்குள்ள செருப்பு போடக் கூடாது. முன்வாசல்ல இருந்து பின்வாசல் வரைக்கும் வராண்டாவுல எல்லாரோட செருப்பும் வரிசையா கிடக்கும். பரண் பெஞ்சு பின்வாசலை ஒட்டி.

“எதைத் தேட?”ன்னேன்.

“என் ஹெல்மெட்டை”ன்னாங்க மேடம்.

“அது உங்க மேஜையில இருக்கு.”

“மெஷினுக்குக் கண்ணு கிடையாது.”

நிஷா கண்ணை மூடினா. சுடலை வாசிச்சான்.

“நீலத்துல இருக்கிறதைப் பரண்ல வை.”

நாப்பதைத் தூக்கிட்டுப் போய்ப் பெஞ்சுல வச்சேன்.

“நீலத்துல உன் எண்ணிக்கையை வை. முதல் செருப்புல இருந்து ஆரம்பி.”

எத்தனாவது செருப்புல நிக்கேன்ங்கிறது என் எண்ணிக்கை. நான் வராண்டாவுல நடந்துக்கிட்டே கத்தணும், சுடலை ஸ்லேட்டுல மாத்தணும்.

“ஒண்ணு! ஹெல்மெட் இல்லை. ரெண்டு! இல்லை. மூணு, ஏல சுடலை, இது உன் செருப்புல்லா? வாரு அந்து ஊக்குப் போட்டிருக்க!”

“வரியில அது இல்லல, நடல!”

கடைசி செருப்பு வரைக்கும் போனேன். ஹெல்மெட் எங்க இருக்கும்? பின்வாசல் வழியா உள்ள வந்தேன்.

“பரண்ல இருக்கிறதை நீலத்துல திரும்ப வை. கூப்பிட்டவகிட்ட போ.”

நாப்பதை எடுத்துட்டு வந்து வச்சேன். நிஷா முன்னாடி நின்னேன்.

“இல்லை.”

அவ கண்ணைத் திறந்தா. ஸ்டூலைப் பாத்தா.

“நாப்பது”ன்னா.

“பாத்தீங்களா மேடம்? எடுத்தேன், வச்சேன். என் கை சுத்தம்.”

மேடம் தலையை ஆட்டினாங்க. “இப்ப நிஷாவோட செருப்பைத் தேடு.”

கிளாஸே ‘ஓ’ன்னுச்சு.

“மேடம், இது ரொம்ப…”

“மெஷினுக்குக் கோபமும் கிடையாது.”

திரும்பவும் முதல்ல இருந்து. நாப்பதைப் பரண்ல வச்சேன். என் ஸ்லேட்டை நீலத்துல வச்சேன். வராண்டாவுக்குப் போனேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

அஞ்சு. கறுப்புச் செருப்பு, பூப்போட்ட வாரு. அவளோடதுதான்.

“கிடைச்சுட்டு!”

“கிடைச்சா அப்படியே கூப்பிட்டவகிட்ட போ”ன்னு வாசிச்சான் சுடலை.

அப்படியே போனேன். முன்வாசல்தான் பக்கத்துல. அது வழியா உள்ள வந்து அவ முன்னாடி நின்னேன்.

“இருக்கு.”

நிஷா கண்ணைத் திறந்தா. அவ மூஞ்சிக்கு நேரா அவ செருப்பைப் பிடிச்சுக்கிட்டு நான் நிக்கேன்.

பயலுக சிரிச்ச சிரிப்புல ஜன்னல் ஆடுச்சு.

“வாகா கையில கிடைச்சிருக்கு தாயி, விட்டுராத!”ன்னு பின்னாடி இருந்து ஒருத்தன் கத்தினான்.

அவ சிரிக்கலை. செருப்பை வாங்கிக்கிட்டா. நீல ஸ்டூலைப் பாத்தா.

“அஞ்சு”ன்னா.

அடுத்த வரியைச் சுடலை வாசிக்கிறதுக்குள்ள அவளே சொன்னா.

“அஞ்சு. கிடைச்சதுக்கு ஒண்ணு. ஆறு.”

சிரிப்பு நின்னு போச்சு.

அவ மெதுவாத் திரும்பினா. பின்வாசல் பக்கம் பெஞ்சுல அவளோட ஸ்லேட்டு மட்டும் தனியாக் கிடந்துச்சு.

“என் நாப்பது எங்க?”

சுடலைகிட்ட கேக்கலை. என்கிட்ட கேட்டா.

“வச்சுட்டுத்தானே போவேன்! கடைசி வரியில எழுதியிருக்கேனே!”

“நீ கடைசி வரிக்கே போகலையே.”

“வரி சொன்னபடி வந்தேன். பாதியில வெளிய வர்ற வழி உன் வழி. அது இருக்குன்னு நீ சொன்னியா?”

“படத்துல போட்டிருக்கேனே! எல்லா அம்பும் முடிவுன்னு ஒரு வட்டத்துக்குத்தானே போகுது!”

“வட்டத்தைப் பாத்தேன். அது கடைசி வரின்னு நினைச்சேன்.”

“ஒரு வட்டம்னா ஒரு வாசலா? எத்தனை அம்பு வருதுன்னு எண்ணினியா?”

“நான் எந்த ஸ்டூலை எடுத்தேன்னு நீ கேட்டியா?”

“நீ பேசினாத்தானே கேப்பேன்!”

“நீ பேசினியா?”

அவ கையில செருப்பு. மூக்கு நுனியில கோபம். ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது.

சுடலை வரிகளை மேஜையில போட்டான்.

“எனக்கு இனி இங்க வேலை இல்லை”ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டான்.

*

மெஷின் முன்னாடி உக்காந்தோம். கத்திக்கிட்டேதான் உக்காந்தோம்.

“எத்தனை வாசல்? சொல்லு.”

“கிடைச்சா ஒண்ணு. கிடைக்கலைன்னா ஒண்ணு.”

“அப்ப ரெண்டுலயும் நாப்பதை வைக்கணும்.”

“வெறும் நாப்பது இல்ல. என் நாப்பது.”

“ஆமா, பெரிய நாப்பது. சொத்து எழுதி வச்ச மாதிரி.”

“டைப் அடில முதல்ல.”

அவ வாசலைச் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு வாசல்லயும் திரும்ப வைக்கிற வரியை எழுதினேன். ஓட்டினோம். இல்லாததைத் தேடினா நாப்பது. இருக்கிறதைத் தேடினா நாப்பத்தொண்ணு.

நிஷா ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் குனிஞ்சு, லேப்புக்குள்ளேயே அந்தச் செருப்பைக் கால்ல மாட்டிக்கிட்டா.

வெள்ளிக்கிழமை என்னாச்சுன்னு கேப்பீங்க. வந்தவரு குடுத்த புரோகிராம் ஓடுச்சு. ரெண்டு பேரும் பாஸ். அவ சென்னைக்குப் போனா. இப்ப துபாய்ல இருக்கா. இன்னும் வாரத்துல ஒரு நாள் போன் பண்ணி சண்டை போடுதா, அதான் ஒரு ஆறுதல். அந்த லேப்ல இப்ப ஏசி போட்டுட்டாங்களாம். ஸ்டூல் எல்லாம் எங்க போச்சுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை.

நான் சொல்ல வந்தது ஸ்டூல்ல ஓட்டின அன்னைக்குச் சாயங்காலம் நடந்தது.

ஸ்கூட்டர் நிறுத்துற இடத்துக்கு மேடம் பின்னாடியே ஓடினேன். கோபம் ஆறவே இல்லை. இப்ப அது மேடம் மேல திரும்பியிருந்துச்சு.

“மேடம், ஒரு நிமிஷம். எங்க தப்புன்னு உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?”

“தெரியும்.”

“நான் வந்து கேட்டப்பவா?”

“அதுக்கு முந்தின வாரமே.”

“முந்தின வாரமேவா! அப்ப சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ‘பேச்சி, பாதியில வெளிய வந்தாலும் எடுத்ததை வச்சுட்டு வா’ன்னு. ஒரே ஒரு வரி மேடம். வாய் வலிக்குமா? ஒரு வாரமா நாங்க நாயும் பூனையுமா அடிச்சுக்கிட்டு… அவளுக்கு வேலை போயிருக்கும். டீம் உடைஞ்சிருக்கும். நீங்க பாட்டுக்குப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்திருக்கீங்க!”

மேடம் ஹெல்மெட்டை மாட்டினாங்க. வாரை இழுத்துவிட்டாங்க. சாவியைப் போட்டாங்க.

சரி, இன்னைக்கும் பதில் கிடையாதுன்னு நினைச்சேன்.

“சொல்லியிருந்தா, உங்க ரெண்டு பேர்ல யாரு ஜெயிச்சிருப்பா?”

அதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

மாடியில லேப் ஜன்னல்ல இருந்து நிஷாவோட குரல் வந்துச்சு, காலேஜுக்கே கேக்குற மாதிரி.

“பேச்சி! இங்க இன்னொரு வாசல் இருக்கு! மேல வா!”